வந்த காரணம்

என்னைப் பற்றி எங்கள் தொழிற்சாலையில் மூன்று பேரிடம் விசாரித்தால் நான்கு புகார் வரும். நான்காவது புகார் நானே என்மேல் எழுதிக் கொடுத்தது. ஒருநாள் நான்கு நிமிடம் தாமதமாக வந்துவிட்டேன். என் பெயருக்கு நேரே நானே சிவப்பு மையில் எழுதி, மேலாளர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

நான் டைம் ஆபீஸில் இருக்கிறேன். மின்விசிறி செய்கிற தொழிற்சாலை. வாசலை ஒட்டி ஒரு சின்ன அறை, அதில் நான், ஒரு சுவர்க் கடிகாரம், கார்டு குத்தும் இயந்திரம், கேட்டைத் திறக்கும் பொத்தான், ஒரு தடித்த ரிஜிஸ்டர். காலை எட்டு மணிவரை கார்டில் நீலமாக நேரம் விழும். எட்டைத் தாண்டினால் சிவப்பு. உள்ளே வருகிற எவரும், வெளியே போகிற எவரும், எந்தப் பொருளும் என் ரிஜிஸ்டரைத் தாண்டித்தான் போக வேண்டும். பதினோரு வருடமாக அப்படித்தான். எனக்குக் கடிகாரக்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும், எனக்கென்ன.

என் தம்பி அதே தொழிற்சாலையில் காயில் சுற்றும் பிரிவில் வேலை செய்கிறான். செம்புக் கம்பி சுற்றிச் சுற்றி அவன் விரல் நுனியெல்லாம் காய்ப்பு. வீட்டில் நான் கீழே, அவனும் அவன் மனைவியும் மாடியில். கல்யாணமாகி எட்டு மாதம்தான். கல்யாண லீவு முடிந்து வேலைக்கு வந்த முதல் நாளே அவன் ஆறு நிமிடம் தாமதம். சிவப்பு விழுந்தது. அன்றிலிருந்து தம்பி மனைவி என்னோடு அளந்துதான் பேசுவாள்.

தம்பிக்கு வாய் சும்மா இருக்காது. எங்கள் தெருக் குழாயில் இரண்டு மாதமாகத் தண்ணீர் கலங்கலாக வந்தது. மூக்கருகே கொண்டுபோக முடியாத நாற்றம். நகராட்சிக்கு மூன்று மனு போட்டான், பதில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோட்டீஸ் ஒன்று அச்சடித்துத் தெருத்தெருவாக ஒட்டிவிட்டான். வசவு ஒன்றும் இல்லை அதில். நான்கே கேள்விகள். குழாயில் வருவது என்ன? கடைசியாகச் சோதித்தது எப்போது? குழாய் மாற்றியதாகச் சொன்ன இடம் எது? மாற்றியது யார்? அவ்வளவுதான். நாலாவது கேள்வி யாருக்கோ சுருக்கென்று தைத்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை ஜீப் வந்து நின்றது. ஒரு சப்-இன்ஸ்பெக்டர், இரண்டு போலீஸ்காரர்கள்.

"காயில் செக்ஷன்ல உன் தம்பி இருக்கானாமே? கூப்பிடு."

"முதல்ல ரிஜிஸ்டர்ல எழுதுங்க சார்," என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "போலீஸ்மா."

"தெரியுதுங்க. போலீஸ்னு பதவின்ற கட்டத்துல எழுதுங்க."

கேட்டைத் திறக்கும் பொத்தான் என் கையில் இருந்தது. அவருக்கும் அது தெரிந்தது. முணுமுணுத்துக்கொண்டே எழுதி உள்ளே போனார். நேரம் பத்து எட்டு. கொஞ்ச நேரத்தில் தம்பியை நடுவில் விட்டு அழைத்துக்கொண்டு வந்தார்கள். அவன் முகம் வெளுத்திருந்தது. பின்னாலேயே காயில் பிரிவு முழுக்க வந்து நின்றது.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். கேட்டால் நீங்களும் திட்டுவீர்கள். திட்டுங்கள்.

"கார்டு குத்திட்டுப் போடா," என்றேன் தம்பியிடம்.

கூட்டத்திலிருந்து யாரோ "அடப் பாவி" என்றார்கள். எனக்கு வேறு என்ன செய்வது என்றே தெரியவில்லை. அழத் தெரிந்தவள் அழுதிருப்பாள், கத்தத் தெரிந்தவள் கத்தியிருப்பாள். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான். தம்பி கார்டை எடுத்து இயந்திரத்தில் செருகினான். டக். பத்து இருபது.

"நீங்களும் சார். வெளிய போற நேரம். வந்த காரணம்ன்ற கட்டம் காலியா இருக்கு."

சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தேவிட்டார். "எமனே வந்தாலும் கையெழுத்து வாங்காம விடமாட்டே போலிருக்கே!" சிரித்துக்கொண்டே தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எங்க கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்க சார்."

எழுதினார். வந்த காரணம்: காயில் பிரிவு ஊழியரை விசாரணைக்கு அழைத்துச் செல்ல. வெளியேறிய நேரம்: பத்து இருபது. கையெழுத்துப் போட்டு, அடியில் ஒரு கோடு இழுத்து, அதற்குக் கீழே இரண்டு புள்ளியும் வைத்தார். நான் பொத்தானை அமுக்கினேன். கேட் திறந்தது. ஜீப் போய்விட்டது.

மதியத்துக்குள் தம்பி மனைவிக்குச் சேதி போய்விட்டது. வாசலுக்கே ஓடி வந்தாள்.

"கூடப் பிறந்தவன் அண்ணி! அவரைப் பிடிச்சுட்டுப் போறாங்க, நீங்க கையெழுத்து வாங்கிட்டு அனுப்பியிருக்கீங்க! மூட்டையா அவரு? பார்சலா? நெஞ்சுல என்னதான் வெச்சிருக்கீங்க, கடிகாரமா?"

அவள் கேட்டது நியாயம்தான் என்று எனக்கே தோன்றியது. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அந்த ரிஜிஸ்டரைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

போலீஸ் நிலையத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். அங்கே மேஜையில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அப்படி யாரையும் இங்க கொண்டுவரலியே."

"உங்க ஜீப்புலதான் ஏத்தினாங்க."

"எந்த ஜீப்பு? வேற எங்கயாவது போய்ப் பாருங்கம்மா. புருஷன் எங்க போனான்னு எங்களைக் கேட்டா?"

செவ்வாய்க்கிழமையும் அதே பதில். சப்-இன்ஸ்பெக்டர் எங்களைப் பார்த்ததும் பின்கட்டுக்குப் போய்விட்டார். ஆள் உயிரோடு இருக்கிறானா என்றுகூடச் சொல்லமாட்டேன் என்கிறார்கள். தம்பி மனைவி நிலையத்து வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளைக் கைத்தாங்கலாகத் தூக்கியபோதுதான் கவனித்தேன், இரண்டு கால் செருப்பும் வேறு வேறு ஜோடி.

அவளை அப்படியே தெரிந்த ஒரு வக்கீலம்மாவிடம் அழைத்துப் போனேன். ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஒரு அறை. கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேலே மேஜை அதிரும். வக்கீலம்மா நாங்கள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, இழுப்பறையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். அட்டை கிழிந்து, டேப் ஒட்டி, பக்கமெல்லாம் கோடு போட்டிருந்தது.

"இது நம்ம அரசியல் சட்டம். யாரைக் கைது பண்ணினாலும் எதுக்குன்னு காரணம் சொல்லணும். வக்கீலைப் பார்க்க விடணும். இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ள நீதிபதி முன்னாடி நிறுத்தணும். இது அவங்க போடற பிச்சை இல்ல. அடிப்படை உரிமை. உங்க தம்பிக்கும் உண்டு, எனக்கும் உண்டு, கீழ ஜெராக்ஸ் எடுக்கறவருக்கும் உண்டு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு நாட்டையே நடத்துகிற புத்தகம். அதற்குள் மணிக்கணக்கு போட்டிருக்கிறார்கள்! யாரோ ஒரு மகராசன் அல்லது மகராசி, என்னைப் போலவே ஒரு ஆள், உட்கார்ந்து யோசித்து, சீக்கிரம் என்று எழுதாமல், கூடிய விரைவில் என்று எழுதாமல், இருபத்திநாலு என்று எழுதியிருக்கிறார். எனக்கு அந்த ஆளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

"எந்த நிமிஷத்துலருந்து கணக்குங்க?" என்று கேட்டேன்.

வக்கீலம்மா என்னை வினோதமாகப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல இதை யாரும் என்கிட்ட கேட்டதில்ல. பிடிச்ச நிமிஷத்துலருந்து."

"அப்ப இன்னிக்குக் காலையில பத்து இருபதோட முடிஞ்சுபோச்சுங்க."

"தோராயமா சொல்றீங்களா?"

"தோராயமா சொல்ற பழக்கம் எனக்கு இல்லைங்க. அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு."

கீழே இயந்திரம் நின்றது. வக்கீலம்மா எழுந்தே நின்றுவிட்டார். "யாரு? யாரு எழுதியிருக்காரு?"

"சப்-இன்ஸ்பெக்டர். வந்த காரணத்தோட."

"ஐயோ, அதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா!" என்று கத்தினார். "இந்த மாதிரி வழக்குல நாங்க முட்டி மோதறதே இங்கதான். நாங்க பிடிக்கவே இல்லைம்பாங்க. நேத்துதான் பிடிச்சோம்பாங்க. அதுக்குச் சாட்சி கிடைக்காது. நீங்க சாட்சியையே அவங்க கையால எழுதி வாங்கி வெச்சிருக்கீங்க!"

தம்பி மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

புதன்கிழமை காலை வக்கீலம்மா உயர் நீதிமன்றத்தில் ஆளைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி மனு போட்டார். வியாழன் பதினோரு மணிக்கு விசாரணை. அசல் ரிஜிஸ்டர் வேண்டும் என்றார், நகல் போதாது. அங்கேதான் இடித்தது. ரிஜிஸ்டர் கம்பெனிச் சொத்து. மேலாளர் பயந்த மனிதர், நல்லவர்தான்.

"வேண்டாம்மா. போலீஸோட எதுக்கு வம்பு? நாளைக்கு நம்ம லாரியை எல்லாம் வழியில நிறுத்தி வெச்சுப்பாங்க. ஒண்ணு செய்யுங்க, எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போங்க. நான் பார்க்கல."

"உங்களுக்குத் தெரியாம ஒரு குண்டூசியை நான் வெளிய எடுத்துட்டுப் போயிருக்கேனா சார்?"

"அது சரி, அதுக்காக..."

"கேட் பாஸ் எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடுங்க."

மேஜையில் வைத்தேன். பொருள்: கேட் ரிஜிஸ்டர் ஒன்று, தம்பியின் வருகைக் கார்டு ஒன்று. போகும் இடம்: நீதிமன்றம். திரும்பும் பொருளா: ஆம். திரும்பும் நாள்: வியாழன். அவர் பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார். நான் நகரவில்லை. நின்றுகொண்டே இருப்பதில் என்னை ஜெயித்தவர் யாரும் அந்தக் கட்டிடத்தில் இல்லை.

"கண்டிப்பா திரும்பி வந்துடுமா?" என்றார் மேலாளர் கடைசியில்.

"ரெண்டும் வரும் சார். ரிஜிஸ்டரும் வரும், ஆளும் வருவான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு போட்டார் கையெழுத்தை.

வியாழக்கிழமை நீதிமன்றத்தில் தம்பியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தாடி முளைத்து, கண் உள்ளே போய், திங்கட்கிழமை போட்டிருந்த அதே சட்டையோடு. இடது காலைத் தாங்கி நடந்தான். தம்பி மனைவி என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

சப்-இன்ஸ்பெக்டர் கூசாமல் சொன்னார். "இன்னிக்குக் காலை ஆறு மணிக்கு, பஸ் நிலையத்துல நோட்டீஸ் ஒட்டும்போது பிடிச்சோம் ஐயா. பிடிச்சு அஞ்சு மணி நேரம்தான் ஆகுது." அதற்கு ஒரு கைதுப் பத்திரமும் கொடுத்தார்.

வக்கீலம்மா ரிஜிஸ்டரை எடுத்துப் பக்கத்தைத் திறந்து, தம்பியின் கார்டையும் சேர்த்து நீதிபதியிடம் கொடுக்கச் சொன்னார். நீதிபதி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார். கைதுப் பத்திரத்தை எடுத்து ரிஜிஸ்டருக்குப் பக்கத்தில் வைத்தார். அதே கையெழுத்து, அதே கோடு, அதே இரண்டு புள்ளி.

"இது உங்களோடதா?"

சப்-இன்ஸ்பெக்டர் எட்டி இரண்டு காகிதத்தையும் பார்த்தார். "அது... திங்கட்கிழமை போனது உண்மைதான் ஐயா. விசாரிச்சுட்டு அப்பவே அனுப்பிட்டோம்."

"கார்டுல வெளிய போன நேரம் இருக்கு. திரும்பி வந்த நேரம் இல்லையே?"

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். "ஐயா, இந்த ரிஜிஸ்டரை வெச்சிருக்கறது அந்த ஆளோட கூடப் பிறந்த அக்கா. தம்பிக்காக நேரத்தை மாத்தி எழுத மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்? வெற்றுக் கட்டத்துல கையெழுத்து வாங்கி, பின்னாடி நிரப்பியிருக்கலாம்."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! வெற்றுக் கட்டமா? என் ரிஜிஸ்டரிலா? எழுந்தே விட்டேன். வக்கீலம்மா கண்ணாலேயே என்னை உட்கார வைத்தார்.

"ஐயா, அந்தப் பக்கத்தையே பாருங்க," என்றார் வக்கீலம்மா. "அதுக்கு மேல பத்து மணிக்குச் செம்புக் கம்பி ஏத்திட்டு வந்த லாரி. கீழ பத்து முப்பத்தொண்ணுக்குத் தபால்காரர். இடைவெளி இல்ல, அடித்தல் இல்ல. தம்பிக்காகப் பொய் எழுதற அக்காவான்னு கேக்கறாங்க. அதுக்கும் பதில் அதே ரிஜிஸ்டர்ல இருக்கு. கடைசிப் பக்கங்கள்ல இந்த வருஷத்துத் தாமதப் பட்டியல் இருக்குங்க ஐயா. தயவுசெஞ்சு படிச்சுப் பாருங்க."

நீதிபதி புரட்டினார். விரலை வைத்து எண்ணினார். "பதினேழு தடவை."

"ஆமாங்க ஐயா. தன் தம்பிக்குப் பதினேழு தடவை சிவப்பு போட்டவங்க இவங்க."

நீதிபதி ஒரு இடத்தில் நின்று வாய்விட்டே படித்தார். "ஆறு நிமிடம் தாமதம். கூறிய காரணம்: புது மாப்பிள்ளை. ஏற்கப்படவில்லை."

நீதிமன்றமே குலுங்கியது. நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்து குறிப்பெழுதுகிற பெண்கூடப் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தாள். கூண்டில் நின்ற தம்பி, அந்தக் கோலத்திலும், தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தால் தம்பி மனைவி, கண்ணில் தண்ணீர் ஓட ஓடச் சிரிக்கிறாள்.

நீதிபதி சிரிக்கவில்லை. அடுத்ததாக, கைதுப் பத்திரத்தோடு இணைத்திருந்த நோட்டீஸை எடுத்து நான்கு கேள்வியையும் மெதுவாகப் படித்தார். நிமிர்ந்தார்.

"இதுல என்ன குற்றம் இருக்கு?" என்று அரசு வக்கீலைக் கேட்டார். "குடிக்கிற தண்ணியைப் பத்திக் கேள்வி கேக்கறது இந்த நாட்டுல குற்றமா? பேசற உரிமை புத்தகத்துல அழகுக்கு எழுதி வெச்சதா?"

அரசு வக்கீல் காகிதங்களைப் புரட்டினார்.

உடனே விடுதலை என்றார் நீதிபதி. மூன்று நாள் சட்டத்துக்குப் புறம்பாக அடைத்து வைத்ததற்கும் பொய்ப் பத்திரம் கொடுத்ததற்கும் சப்-இன்ஸ்பெக்டர் மேல் வழக்குப் பதிய உத்தரவு. தம்பியின் காலை மருத்துவர் பார்த்து அறிக்கை தர வேண்டும். அந்த நான்கு கேள்விக்கும் நகராட்சி பதினைந்து நாளில் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். திங்கட்கிழமை சிரித்த சிரிப்பு எங்கே போனதோ தெரியவில்லை.

"ரிஜிஸ்டர் இங்கயே இருக்கட்டும்," என்றார் நீதிபதி.

இந்தத் தடவை யார் கண்ணைக் காட்டியும் நான் உட்காரவில்லை. "ஐயா, மன்னிக்கணும். திரும்பும் பொருள்னு கேட் பாஸ் எழுதியிருக்கேன். இன்னிக்கே வாசலுக்குப் போயாகணும்."

வக்கீலம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நீதிபதி என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "நகல் எடுத்துச் சான்று போட்டு வெச்சுக்கங்க. அசலை அந்த அம்மாகிட்ட கொடுங்க. நேரத்தைக் குறிச்சுக் கொடுங்க," என்றார்.

மருத்துவர் பார்த்து, வீக்கம்தான், எலும்பு முறியவில்லை என்று எழுதிக் கொடுத்தார். அங்கிருந்து நேராகத் தொழிற்சாலைக்கு வந்தோம். வீட்டுக்குப் போகலாம் என்று தம்பி மனைவியே சொல்லவில்லை. வாசலில் காயில் பிரிவு மட்டுமா, வண்ணம் அடிக்கிறவர்கள், பெட்டி கட்டுகிறவர்கள், மேலாளர் வரை எல்லோரும் நின்றார்கள். கேட்டின் இரண்டு பக்கமும் ஒரே கைதட்டல், விசில். திங்கட்கிழமை என்னை அடப் பாவி என்றது யார் என்று இன்றுவரை தெரியாது. அன்றைக்கு எல்லோருமே எனக்கு வழிவிட்டார்கள்.

நான் என் அறைக்குள் போய் ரிஜிஸ்டரை அதன் இடத்தில் வைத்தேன். கேட் பாஸில் திரும்பியது என்று எழுதினேன். தம்பியின் கார்டை அவனிடம் நீட்டினேன்.

"குத்துடா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவன் செருகினான். டக். கார்டைப் பார்த்தான்.

"அக்கா, சிவப்புல விழுந்திருக்கு."

"மூணே முக்காலுக்கு வேலைக்கு வந்தா சிவப்புலதான் விழும். பதினெட்டு," என்றேன். சொல்லி முடிப்பதற்குள் என் குரல் உடைந்துவிட்டது. அவன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தலையைப் பிடித்துக்கொண்டான். பதினோரு வருடத்தில் அந்த அறைக்குள் நான் அழுதது அன்று ஒருநாள்தான், அதுவும் எல்லோர் முன்னாலும். வெட்கமே இல்லை எனக்கு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், தம்பி மனைவி ஜன்னல் முன்னால் நிற்கிறாள். ரிஜிஸ்டரை அவளே தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.

"பேனா கொடுங்க அண்ணி. நானும் உள்ள வரணும் இல்ல?"

கொடுத்தேன். சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, நேரம் எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். ஒரு கட்டம் காலியாக இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே அதையும் எழுதினாள்.

வந்த காரணம்: என் வீட்டுக்காரரைத் திரும்பக் கொண்டுவந்து விட.

நான் பொத்தானை அமுக்கினேன்.